முறை வைத்து

மச்சானுக்கு வெள்ளிக்கிழமை லீவு.
எனக்கு ஞாயிறு.
நடுவில் கிடக்கிற சனிக்கிழமை
குவைத்துக்கும் சொந்தமில்லை,
கூத்தாநல்லூருக்கும் சொந்தமில்லை.

அதனால் ஒரே வீட்டை
ஆளுக்கொரு நாளில் கட்டுகிறோம்,
போனுக்குள்ளே.
கட்டம் கட்டமான உலகம் அது.
மண் ஒரு கட்டம், மரம் ஒரு கட்டம்,
ஆடுகூடச் சதுரமாகத்தான் மேயும்.

ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு,
கேம்ப்பின் மேல்கட்டிலில் சாய்ந்துகொண்டு
அவர் கல் அடுக்குவார்.
போகும்போது ஒரு பலகை நட்டு எழுதிவைப்பார்:
'மாடிப்படி தெற்கே. கலைக்காதே.'
ஞாயிற்றுக்கிழமை நான் போய்
படியைக் கிழக்கே திருப்புவேன்.
அடுத்த வெள்ளி அது மறுபடி தெற்கே நிற்கும்.
ஏழு வாரமாக இதே கதை.
ஏறிப்போக இன்னும்
மேலே மாடியே போடவில்லை.

போன மாதம் நபீல் உள்ளே நுழைந்து
ஹாலில் நாற்பது கோழி விட்டுவிட்டான்.
மச்சான் பலகையில்: 'யார் வேலை இது?'
அதற்குக் கீழே இவன்: 'கோழி வேலை.'

இந்த வாரம் என் திட்டம் வேறு.
ஆட்டம் தொடங்கியபோது
பாலைவனத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்தான்.
கண்ணுக்குப் பழகிவிட்டதாம்.
அங்கேயும் மணல், இங்கேயும் மணலா?
வடக்கே இருநூறு கட்டம் தள்ளி ஓர் ஆறு இருக்கிறது.
நாளைக்கு அதிலிருந்து
வீட்டு வாசல்வரை வாய்க்கால் வெட்டப்போகிறேன்.
ஒரு வாளி ஊற்றினால் தண்ணீர்
ஏழு கட்டம் ஓடும், பிறகு நின்றுவிடும்.
மறுபடி வாளி. மறுபடி ஏழு.
கடைமடைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல
இதில் ஒன்றுமில்லை.

சாயங்காலம் மருந்துக்கடைக்கு
சேற்றுப்புண் களிம்பு வாங்க வந்தான்
லெட்சுமாங்குடி மதியழகன்.
"நாளைக்குக் கடை உண்டாக்கா?"
"இல்லப்பா. வாய்க்கால் வெட்டுற வேலை இருக்கு."
என் கையைப் பார்த்தான்.
"நூறு நாள் வேலையா?"
"இல்ல. போன்ல."
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"தண்ணிக்குக் காவல் வேணாமே அங்க,
குடுத்துவச்சவங்க" என்றவன்,
ராத்திரி பன்னிரண்டுக்கு அவனுக்கு முறை,
மதகுக்குப் போகணும் என்று சொல்லி
மூன்று ரூபாய் சில்லறையை
மறந்துவிட்டுப் போனான்.

கடையைச் சாத்தும்போதுதான்
மச்சானின் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன்.
பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டே இருக்கிறது.
"ஷட்டவுன் டூட்டி போட்டுட்டாங்க.
நேத்து வர முடியல.
அடுத்த வெள்ளியும் சந்தேகந்தான்."

அப்படியானால் படி
கிழக்கே பார்த்தபடியே நிற்கிறது,
நான் திருப்பிவைத்தபடி.
திருப்ப ஆளில்லாத படி.
ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளலாம்தான்.
சோறு இறங்கவில்லை.

இப்போது மணி பதினொன்று ஐம்பது.
ஆட்டம் திறக்க மறுக்கிறது,
அப்டேட் கேட்கிறது, ஒரு ஜிபிக்கும் மேலே.
இன்றைய டேட்டாவை நபீல்
மத்தியானமே குடித்துத் தீர்த்துவிட்டான்,
குடித்தவன் வாய் பிளந்து தூங்குகிறான்.
பன்னிரண்டு அடித்தால்தான் நாளைய பங்கு வரும்.

சார்ஜரைச் செருகிவிட்டு
ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.
வெண்ணாற்றுப் பக்கம்
ஒரு டார்ச் வெளிச்சம் போகிறது, நிற்கிறது,
இன்னொரு வெளிச்சத்தோடு ஏதோ தகராறு செய்கிறது.
வாய்க்காலை முதலில் வெட்டவேண்டும்.
படியை என்ன செய்வதென்று
இன்னும் முடிவுசெய்யவில்லை.

பதினொன்று ஐம்பத்தொன்பது.

அங்கே திறந்துவிட்டார்கள் போல, தவளைகள் கத்துகின்றன.
இங்கே
ஒரு சதவீதம்.
இரண்டு.